ஆபீஸ் சட்டையும் அண்ணன் தம்பி பெர்மிட்டும்

பெர்மிட் எடுத்துக் கொடுக்கிற தொழில்ல ஒன்னு மட்டும் நிச்சயம்: நல்லபடியா முடிச்சுக் கொடுத்தா நம்ம மூஞ்சிகூட யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஒரு பேப்பர் திரும்பி வந்தா மட்டும் நம்ம பரம்பரையையே இழுத்து வெச்சுத் திட்டுவாங்க.

நீங்களும் எங்கேயாவது ஒரு கவுண்ட்டர் முன்னால நம்பர் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்கதான். சிங்கப்பூர் வேலைக்கோ, வெளிநாட்டுல இருக்கிற மகளைப் பார்க்கவோ, ஏதோ ஒன்னுக்கு. உங்களுக்கு முன்னால ஒரு பொம்பளை கட்டுக் கட்டா பாஸ்போர்ட்டை மேசையில போட்டு, வரிசையை நகர விடாம உங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டிருப்பா. அது நான்தான். கோவிச்சுக்காதீங்க. அந்தக் கட்டுல இருந்த ஒவ்வொருத்தனுக்கும் நான் வாங்கின திட்டு தனி.

எங்க ஆபீஸ் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூர் பாருவை அடுத்த மாசாய்ல, ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில. பாஸ் ஒருத்தர், நான் ஒருத்தி, அடிக்கடி பேப்பரை மென்னு துப்புற ஒரு ஃபோட்டோகாப்பி மெஷின். பெர்மாஸ் ஜெயா சாப்பாட்டுக் கடைகளும் கோத்தா திங்கி பக்கத்துல பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களும் எங்க வாடிக்கை. ஊர்லேருந்து வர்ற ஆளுங்களுக்கு வேலை பெர்மிட் புதுசா எடுக்கிறது, வருஷா வருஷம் புதுப்பிக்கிறது, திருப்பி அனுப்பும்போது கேன்சல் பண்றது, எல்லாம் எங்க கையிலதான்.

கதவுக்குப் பின்னால ஒரு சட்டை

பெர்மிட்டுக்கு எடுக்கிற போட்டோவுல கருமையான சட்டை இருக்கணும், காலர் இருக்கணும். நம்ம ஆளுங்க அடுப்படியிலேருந்து அப்படியே வருவாங்க, மேல எண்ணெய்க் கறையோட ஒரு வெள்ளை பனியன். திருப்பி அனுப்பினா அன்னைக்கு வேலை கெட்டுச்சு. அதனால பாஸ் ஒரு கருநீலச் சட்டை வாங்கிக் கதவுக்குப் பின்னால மாட்டி வெச்சார். வர்றவன் எல்லாம் அதைத்தான் போடணும். ஒல்லியா இருந்தா முதுகுல துணி கிளிப் போட்டு இறுக்குவேன். தடியா இருந்தா பொத்தான் போடாம மூச்சை அடக்கச் சொல்லுவேன். துவைக்கிறதும் நான்தான், அதுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. எங்க ஆபீஸ் ஃபைலைப் புரட்டினா எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரித் தெரிவாங்க.

அருளப்பனும் அவன் தம்பி சவரியும் அந்தச் சட்டை போடாமலே ஒரே மாதிரித்தான் இருப்பாங்க. ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர், மாதா கோயில் பிள்ளைங்க. பெர்மாஸ் ஜெயாவுல ஜமால் பாய் கடையில அண்ணன் மங்கு கழுவுறான், அதாவது தட்டு, கிண்ணம், குவளை எல்லாம். சில மாசம் கழிச்சு வந்து சேர்ந்த தம்பி ரொட்டி சானாய் போடுறான், நம்ம பரோட்டா மாதிரி. நான் பசியாறுறது அந்தக் கடையிலதான், அதனால ரெண்டு பேரையும் நல்லாத் தெரியும். சவரிக்குப் படம் எடுத்த அன்னைக்கு அண்ணன் துணைக்கு வந்திருந்தான். தம்பி சட்டையைக் கழட்ட மனசில்லாம கண்ணாடி முன்னாலேயே நின்னான். அருளப்பன் அவனைப் பார்த்துச் சிரிச்சுட்டு எங்கிட்டச் சொன்னான், “இந்தப் படத்தை வீட்டுக்கு அனுப்பினா நாங்க ஆபீஸ் வேலை பார்க்கிறோம்னு நெனச்சுக்குவாங்கக்கா.”

ரேகை தேய்ஞ்ச கை

அருளப்பனுக்கு பெர்மிட் புதுப்பிக்கிற நேரம் வந்தது. குடிநுழைவு ஆபீஸ்ல கைரேகை வைக்கணும். அவன் வெச்சான், மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிச்சு. துடைச்சு வெச்சான், சிவப்பு. தலையில தேய்ச்சு வெச்சான், தைலம் தடவி வெச்சான், பத்து விரலையும் மாத்தி மாத்தி வெச்சான். பின்னால வரிசையில நின்னவங்க எல்லாம் நம்ம சனங்க மாதிரிதான், முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

நான் அவன் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தேன். காலையிலேருந்து சோப்புத் தண்ணியிலேயும் குளோரக்ஸ் பிளீச்லயும் ஊறின கை. விரல் நுனியில தோல் வழுவழுன்னு இருக்கு, கோடுன்னு ஒன்னுமே இல்லை. கையுறை போட்டுக்கிட்டா என்னடான்னு கேட்டேன். போட்டா தட்டு வழுக்குதாம், உடைஞ்சா கடையில எல்லாரும் பார்க்கிறாங்களாம். கவுண்ட்டர்ல இருந்த மலாய்க்கார அதிகாரியம்மா பொறுமையானவங்க. ரேகை விழலை, முகத்தைப் பார்த்துச் சரி பண்ணிக்கிட்டோம்னு கம்ப்யூட்டர்ல ஒரு குறிப்புப் போட்டாங்க. இனிமே எங்கே போனாலும் இவனுக்கு முகம்தான் சாட்சி. சிரிக்காமலே மலாய்ல சொன்னாங்க, “கழுவிக் கழுவி இவர் தன்னையே கழுவிட்டார்.”

துணைக்குப் போன தம்பி

புதுப்பிக்கிறதுக்கு மெடிக்கல் வேற இருக்கு. ரத்தம் எடுக்கிற கிளினிக் ஒரு இடம், நெஞ்சைப் படம் எடுக்கிற இடம் வேற, அது வேற ஒரு நாள். ரத்தத்துக்கு யாரும் பயப்படுறதில்லை. நெஞ்சுப் படம்னா மட்டும் அத்தனை பேருக்கும் முகம் வெளிறிப் போகும். நெஞ்சுல நிழல் விழுந்தா டி.பி.ன்னு எழுதிடுவாங்க, பெர்மிட் கிடையாது, ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அருளப்பனுக்கோ அந்த நேரம் பார்த்து இருமல். அடுப்புப் புகையும் சிகரெட்டும்தான் காரணம்னு நான் சொன்னேன். அவன் தங்கியிருந்த மாடியில உள்ளவங்க ஆளாளுக்கு ஒன்னு சொல்லி அவன் தூக்கத்தைக் கெடுத்து வெச்சிருந்தாங்க.

அவனுக்குப் பயம் சும்மா வரலை. புயல்ல அப்பா அம்மா இருந்த வீடு போயிடுச்சு. புது வீட்டுக்குச் சுவர் எழும்பி நிக்குது, மேல கூரை இல்லை. கிழவனும் கிழவியும் பக்கத்துல ஒரு தார்பாய்க் கொட்டாயில கிடக்கிறாங்க. கூரை போடுற வரைக்கும் ரெண்டு பேரும் இங்கேயே இருக்கணும்னு அவங்க கணக்கு.

படம் எடுக்கிற நாள் நானே கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தேன். ஆனா கோத்தா திங்கியில ஆத்துத் தண்ணி ரோட்டுக்கு ஏறி, தோட்டத்துல மாட்டிக்கிட்டேன். நீங்களே போயிட்டு வாங்கடா, பாஸ்போர்ட்டை பாஸ்கிட்ட வாங்கிக்குங்கன்னு போன்ல சொன்னேன். கூடவே அந்த நீலச் சட்டையையும் வாங்கிட்டுப் போயிருக்காங்க, வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கணும்னு. சாயந்திரம் அருளப்பனைக் கூப்பிட்டப்ப போனைத் தம்பி சவரிதான் எடுத்தான். குரல்ல அவ்வளவு தெம்பு. “முடிஞ்சதுக்கா. மூச்சை இழுத்துப் பிடின்னாங்க, பிடிச்சாச்சு.”

தகுதி இல்லை

முடிவு வந்தது. அருளப்பன் பேருக்கு நேரா ‘தகுதி இல்லை’ன்னு இருந்துச்சு. வலது பக்கம் மேல நிழல். அலமாக்! இத்தனை வருஷத்துல எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கேன், இவனுக்குச் சொல்ல மட்டும் வாய் வரலை. கடைசியில பாஸ்தான் சொன்னார்.

அப்பீல்னு ஒன்னு இருக்கு. திரும்பப் படம் எடுத்துக் காட்டலாம், சில பேர் அதுல தப்பிச்சிருக்காங்க. பாஸ் எழுதிப் போடுறேன்னார், ஜமால் பாயும் சரின்னார். அருளப்பன் மட்டும் வேணாம்னுட்டான். அனுப்பிடுங்க, போயிடறேன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். எனக்கு வந்ததே கோபம். கூரை, கூரைன்னு உயிரை விட்டவன், கேட்டா கிடைக்கிறதைக்கூட கேட்க மாட்டேங்கிறியேன்னு கத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னான். ஜமால் பாய் நல்ல மனுஷன். கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுட்டுத்தான் எங்கிட்டக் கேட்டார், “அவன் போற வரைக்கும் மேல படுத்துக்கட்டும், சோறு நான் கொடுத்துடறேன். அவன் எடத்துக்கு ஆள் எப்பம்மா வரும்?”

வேன்ல ஏறுறதுக்கு முன்னால

கிளம்புற அன்னைக்கு அருளப்பன் ஆபீசுக்கு வந்தான், பாஸ்போர்ட் வாங்க. கீழே ஏர்போர்ட்டுக்குப் போற வேன் நிக்குது. நான் முகக்கவசம் போட்டுக்கிட்டேன், போடும்போதே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அவன் அதைப் பார்த்தான். ஊருக்குப் போனதும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போ, மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே, இது குணமாகிற நோய்தான்னு பாடம் மாதிரிச் சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டான்.

அப்புறம் தம்பியைப் பார்த்துக்கச் சொன்னான். கடையில உங்க கண்ணு முன்னாலதானே இருக்கான், எப்படியாவது ஒரு டாக்டர்கிட்டக் காட்டிடுங்கன்னான். அவனுக்கு என்னடா, குண்டுக்கல்லு மாதிரி இருக்கான், கேஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரை, ஒத்தைக் கையில தூக்குறான்னு சொன்னேன். கீழே டிரைவர் ஹார்ன் அடிச்சான். அருளப்பன் வாசப்படியில நின்னு, முதல் தடவையா என் கண்ணைப் பார்த்துச் சொன்னான், “அந்தப் படத்துல இருக்கிறது என் நெஞ்சு இல்லக்கா, தம்பியோடது.”

சுத்தமான பேப்பர்

வேன் போயிடுச்சு. நடந்தது என்னன்னு சவரி வாயைப் பிடுங்கித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அண்ணன் இருமுறான், படத்துல ஏதாவது வந்துட்டா என்ன பண்றது? இரும்பு மாதிரி இருக்கிற நான் போறேன்னு தம்பி கிளம்பியிருக்கான். எங்க ஆபீஸ் நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டு, அண்ணன் பேரைச் சொல்லிக்கிட்டு. அங்கே இவன் ரேகை ஒத்துப் போகலை, ஆனா அந்தப் பேருக்கு ரேகை விழாதுன்னுதான் கம்ப்யூட்டரே சொல்லுது. அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டுல ஒட்டியிருந்த பெர்மிட் படத்தைப் பார்த்துச்சு, ஆளைப் பார்த்துச்சு. அதே முகம், அதே சட்டை. உள்ளே போன்னுடுச்சு.

அப்பீல் ஏன் வேணாம்னான்னு இப்ப புரிஞ்சுதா? அருளப்பனே போய் நின்னா படம் சுத்தமா வரும். அப்ப முதல் படம் யாரோடதுன்னு கேள்வி வரும், ரெண்டு பேரும் சேர்ந்து போக வேண்டியதுதான். ஒருத்தனாவது இருந்தா கூரை ஏறும்னு, நோய் இல்லாதவன் கிளம்பிட்டான், நோய் உள்ளவன் தங்கிட்டான். பாவிங்களா, இதுக்கு ரெண்டு பேர் மூளை வேற!

நான் பாஸ்கிட்டச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திட்டு, இது வெளியே போனா அந்த கிளினிக், கடை, நாம, எல்லாரும் மாட்டுவோம், பேசாம இருன்னார். எனக்குப் பேசாம இருக்கத் தெரியாது. மறுபடியும் கடைக்குப் போய் சவரியை ரொட்டிக் கல்லு முன்னாலேயே பிடிச்சேன். அவன் மாவை வீசிக்கிட்டே சிரிக்கிறான், எனக்கு என்னக்கா, பாருங்கன்னு கையை மடக்கிக் காட்டுறான். ஆஸ்பத்திரிக்குப் போனா அனுப்பிடுவாங்க, எனக்கு மெடிக்கல் வர இன்னும் மாசக்கணக்கு இருக்கு, அதுக்குள்ள மருந்து குடிச்சுச் சரி பண்ணிடுவேன்னான். மருந்துன்னு அவன் சொன்னது இருமல் டானிக்கை. கொஞ்ச நாள் நான் அந்தக் கடைப் பக்கமே போகலை. அப்புறம் மனசு கேட்காம போய், முதலாளிகிட்டேயே போட்டு உடைச்சேன். ஜமால் பாய்க்கு ஏற்கெனவே ஒரு ஆள் குறைவு. அவனை முன்கல்லுலேருந்து எடுத்து பின்னால அடுப்படியில போட்டார், அவ்வளவுதான். ரொம்ப வருத்தமாவே எங்கிட்டச் சொன்னார், “அவன் பேப்பர் சுத்தமா இருக்கேம்மா, அவனை நான் எதைச் சொல்லி அனுப்புறது?”

நோன்பு மாசம்

நோன்பு மாசத்துல பகல்ல கடை சாத்தியிருக்கும். வேலை இருக்குன்னு சவரி சாக்குச் சொல்ல முடியாது. அவன் தங்கியிருந்த மாடிக்கே போயிட்டேன். கேஸ் தோங்கைத் தூக்கின ஆளு, படியில இறங்க சுவரைப் பிடிக்கிறான். கையில ஒரு துண்டு. அதை மடிச்சு மடிச்சு எங்கிட்டேயிருந்து மறைக்கிறான். மறைச்சா தெரியாதா எனக்கு? சிவப்பு சிவப்புதானே.

என் காடியில பின் சீட்டுல உட்கார வெச்சு, கண்ணாடி எல்லாத்தையும் இறக்கிவிட்டு, அரசாங்க கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் திட்டிக்கிட்டே ஓட்டினேன். திட்டலைன்னா அழுதிருப்பேன். சிக்னல்ல நின்னப்ப, அடுத்த மாசம் எனக்கு மெடிக்கல் வருதேன்னான். இந்த நெலமையில அது என்னடா பேச்சுன்னேன். அவன் வெளியே பார்த்துக்கிட்டே கேட்டான், “அண்ணன் இல்லையேக்கா, எனக்குப் பதிலா யார் போறது?”

பார்க்க வர்றதுக்கும் விசா

கிளினிக்கிலேருந்து நேரா ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. தனி அறை, மூக்குல குழாய். நர்ஸ் எங்கிட்ட நீங்க யாருன்னு கேட்டாங்க. பெர்மிட் ஏஜெண்டுன்னு சொல்லாம, அக்கான்னு சொன்னேன். ரொம்பத் தாமதமா வந்துட்டீங்க, சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்கன்னாங்க. அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியும்.

அருளப்பனுக்குப் போன் போட்டேன். உடனே வர்றேன்னான். வேலைக்கு இல்லை, தம்பி பக்கத்துல உட்கார, வெறும் வருகை விசா. அதுதான் சுலபமா கிடைக்கிற விசா. திரும்பி வந்துடுச்சு. இந்த ஆள் நெஞ்சு நோயின்னு திருப்பி அனுப்பப்பட்டவர், உள்ளே விட முடியாதாம். ஊர்ல புதுசா படம் எடுத்து, நெஞ்சு சுத்தம்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்பினோம். பழைய படம் இப்படிச் சொல்லுதே, ரெண்டும் எப்படி ஒரே ஆளா இருக்கும்னு கேட்டாங்க. சரியான கேள்விதான், உண்மையைச் சொன்னா எல்லாரும் மாட்டுவோம். பேசாம இருன்னு சொன்ன பாஸ்கூட, வெயில்ல வரிசையில நின்னு கெஞ்சிப் பார்த்தார். முடியலை.

நான் வார்டுல முகக்கவசத்தோட போனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்தப் பக்கம் அருளப்பன், அவன் பின்னால கூரை இல்லாத சுவர். ஊர்லேயும் நோய்க்காரன்னு அவனுக்குத் தட்டும் டம்ளரும் தனியா வெச்சிருந்தாங்களாம். தம்பியைக் காட்டிக் கொடுக்க மனசில்லாம அதையும் வாங்கிக்கிட்டான். சவரி அவனைப் பார்ப்பான், பேச மூச்சு பத்தாது. விசா ரெண்டாவது தடவையும் இல்லைன்னு நான் சொன்ன அன்னைக்கு அருளப்பன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தான். அப்புறம் மெதுவாச் சொன்னான், “அவன் நெஞ்சைத்தானேக்கா என் பேர்ல எழுதி வெச்சிருக்காங்க, அதைக் காட்டியே அவன்கிட்ட வராதேங்கிறாங்களே.”

ஹரி ராயாப் பெருநாளுக்கு முந்தின வாரம் சவரி போயிட்டான். மாசாய் மாதா கோயில் ஆளுங்க வந்து ஜெபம் பண்ணினாங்க. சாவுச் செய்தி போட ஒரு படம் வேணும்னு ஊர்ல வீட்டுல கேட்டாங்க. நல்ல படம்னு அவனுக்கு இருந்தது எங்க ஆபீஸ்ல எடுத்ததுதான், அந்த நீலச் சட்டையில. அதையே அனுப்பினேன். சட்டையைக் கதவிலேருந்து எடுத்துட்டேன், பாஸ் வேற வாங்கி மாட்டியிருக்கார். சவப்பெட்டியை ஊருக்கு அனுப்புற பேப்பரோட ஜமால் பாய் வந்தார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் அழுதார், நானும் அழுதேன்.

எங்க தொழில்ல நம்பர் எடுக்காம, ரேகை வைக்காம, நெஞ்சைப் படம் எடுக்காம ஒருத்தன் ஊர் போய்ச் சேர ஒரே ஒரு வழிதான் இருக்கு, அதுக்கும் முதலாளி கையெழுத்து வேணும்.